மூட்டுப்பூச்சி இனங்களைக் கண்டறிதலும் வகைப்படுத்தலும்

நெற்பயிர் மட்டம் வெடித்து நிற்கும் காலத்தில், கமக்காரர் ஒருவர் வயலில் இறங்கிப் பயிரின் அடிப்பாகத்தை விலக்கிப் பார்ப்பாராயின், ஒரு நெல்மணியிலும் சிறியனவான பூச்சிகள் பல அங்கு உலாவுவதைக் காண்பார். அவற்றுட் சில கபில நிறமானவை. சில பச்சை நிறமானவை. வேறு சில பச்சையுங் கருமையுங் கலந்தவை. இவையனைத்தும் பயிரின் சாற்றை உறிஞ்சும் பீடைகளே என எண்ணி, உடனே பூச்சிநாசினியைத் தெளித்துவிடுவது பலருடைய வழக்கமாகும். ஆயின், அவ்வாறு கொல்லப்படுவனவற்றுள் ஒன்று பயிருக்குத் தீங்கு செய்வதன்று. பயிரை அழிக்கும் தத்திகளின் முட்டைகளை உண்டு, கமக்காரருக்குக் கூலியின்றி உழைப்பது அது.

பச்சையுங் கருமையுங் கலந்த இப்பூச்சி சிற்றோரைனஸ் லிவிடிபென்னிஸ் என்னும் பெயருடையது. பின்லாந்து நாட்டு அறிஞரான றொயிற்றர் என்பவர் 1885இல் இதற்கு அப்பெயரை இட்டார். தண்டின் உள்ளே பதிக்கப்பட்ட தத்தி முட்டைகளைத் தேடி, ஊசிபோன்ற தன் வாயுறுப்பைச் செலுத்தி, அவற்றின் உட்பொருளை இது உறிஞ்சிவிடுகிறது. வளர்ந்த பூச்சியொன்று ஒரு நாளில் 7 முதல் 10 வரையான முட்டைகளை அல்லது 1 முதல் 5 வரையான தத்திகளை உண்ணவல்லது என அறியப்பட்டுள்ளது.

நண்பனையும் பகைவனையும் பிரித்தறியாது மருந்து தெளித்தால் விளைவது என்ன? நண்பர்கள் மடிவர், தண்டினுள்ளே பாதுகாப்பாக இருந்த பகைவரின் முட்டைகள் பொரித்து, தடுப்பாரின்றிப் பெருகும். ஆகவே, "எம்மருந்தைத் தெளிப்பது?" என்னும் கேள்விக்கு முன்னர், "இப்பூச்சி யாது?" என்னும் கேள்விக்கு விடை காணுதல் வேண்டும். அவ்விடை எவ்வாறு பெறப்படுகிறது என்பதையும், அதனாற் கமக்காரருக்கு உண்டாகும் பயனையும் இப்பிரசுரம் எடுத்துரைக்கின்றது.

மூட்டுப்பூச்சிகள் என்பவை யாவை?

பூச்சிகள் பல வருணங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன. வண்டுகள் ஒரு வருணம். வண்ணத்துப்பூச்சிகளும் அந்துக்களும் இன்னொரு வருணம். சாற்றை உறிஞ்சுவதற்கேற்ற ஊசிபோன்ற வாயுறுப்பை உடையவை எமித்தெரா என்னும் வருணத்தைச் சேர்ந்தவை. இவ்வருணத்தில் இதுவரை 80,000க்கு மேற்பட்ட இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு, கூட்டுப்புழுப் பருவத்தை அடையாமல், பலமுறை தோலுரித்து நேராகவே நிறைவுயிரியாவது இவற்றின் இயல்பு.

கமக்காரர் நன்கு அறிந்த பல பீடைகள் இவ்வருணத்தில் அடங்கும். பாற்பருவத்தில் நெற்கதிரைத் தாக்கும் துர்நாற்றமுடைய நெல் மூட்டுப்பூச்சி, அறக்கொட்டி எனப்படும் கபிலத் தத்தி, பச்சைத் தத்தி, மிளகாயிலும் பயற்றையிலும் மொய்க்கும் அழுக்கணவன், வெண் ஈ, பஞ்சுபோன்ற மெழுகினாற் போர்க்கப்பட்ட வெண்மூட்டுப்பூச்சி ஆகியன அவற்றுட் சிலவாம்.

இவற்றுள் தாவர மூட்டுப்பூச்சிகள் எனப்படும் மிரிடே குடும்பம் மிகப் பெரியது. உண்மையான மூட்டுப்பூச்சிக் குடும்பங்களுள் இதுவே அதிக இனங்களைக் கொண்டது. 11,000க்கு மேற்பட்ட இனங்கள் இதில் விவரிக்கப்பட்டுள்ளன. மேற்கூறிய சிற்றோரைனஸும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. மரமுந்திரிகை, தேயிலை, கொய்யா ஆகியவற்றின் இளந்தளிரைக் கருகச்செய்யும் எலோபெல்ற்றிஸ் என்பதும் இக்குடும்பத்ததே. ஒன்று காவலன், மற்றது கள்வன். எனவே, குடும்பத்தை மட்டும் அறிந்தால் ஒரு பூச்சியின் குணத்தை அறிந்ததாகாது. இனத்தையும் அறிதல் வேண்டும்.

பெயரிடும் முறை

ஒரு பூச்சிக்கு ஊருக்கொரு பெயர் வழங்குவது இயல்பு. ஒரே பெயரால் இரண்டு மூன்று பூச்சிகள் குறிக்கப்படுவதும் உண்டு. இக்குழப்பத்தை நீக்குவதற்காகச் சுவீடன் நாட்டு அறிஞரான லின்னேயஸ் கையாண்ட இருசொற் பெயர்முறையே உலகெங்கும் பின்பற்றப்படுகின்றது. 1758இல் வெளிவந்த அவருடைய நூலின் பத்தாம் பதிப்பே விலங்குகளின் பெயர்களுக்குத் தொடக்கமாகக் கொள்ளப்படுகின்றது. முதற்சொல் சாதியைக் குறிக்கும். இரண்டாஞ்சொல் இனத்தைக் குறிக்கும்.

இலங்கையின் மூட்டுப்பூச்சிகளை வகைப்படுத்தும் பணி நீண்டகாலமாக நடைபெற்று வந்துள்ளது. இந்தியா, இலங்கை, பர்மா ஆகிய நாடுகளின் மூட்டுப்பூச்சிகளைப் பற்றி டிஸ்ரன்ற் என்பவர் எழுதிய ஏழு தொகுதிகள் 1902 முதல் 1918 வரையான காலத்தில் வெளிவந்தன. இலங்கை அரசாங்கப் பூச்சியியலாளராகக் கடமையாற்றிய ஏர்னெஸ்ற் கிறீன், இந்நாட்டின் செதிற்பூச்சிகளையும் வெண்மூட்டுப்பூச்சிகளையும் ஆராய்ந்து எழுதிய நூல் 1896 முதல் 1922 வரை ஐந்து பகுதிகளாக வெளியாயிற்று.

புதிய இனம் எவ்வாறு கண்டறியப்படுகின்றது?

புதிய இனமென்பது அன்று தோன்றிய பூச்சியன்று. நெடுங்காலமாக வாழ்ந்தும் அறிஞர்களால் விவரிக்கப்படாதிருந்த ஒன்றே அப்பெயர் பெறுகின்றது. அதனைக் கண்டறியும் முறை பின்வருமாறு:

முதலாவது, மாதிரிகளைச் சேகரித்தல். வலையால் வீசியும், விளக்கொளியால் ஈர்த்தும், கிளையைத் தட்டிக் கீழே விரித்த துணியில் விழச்செய்தும் பூச்சிகள் பிடிக்கப்படுகின்றன. எவ்விடத்தில், எத்திகதியில், எப்பயிரில், யாராற் பிடிக்கப்பட்டது என்பது ஒவ்வொன்றுடனும் எழுதி வைக்கப்படும். இக்குறிப்பில்லாத மாதிரி, முகவரியில்லாத கடிதத்தைப் போன்றது.

இரண்டாவது, உறுப்புக்களை ஆராய்தல். உணர்கொம்பின் கணுக்கள், தலையின் வடிவம், சிறகின் பகுதிகள், காலிலுள்ள மயிர்கள் ஆகியன நுணுக்குக்காட்டியின் உதவியாற் பார்க்கப்படுகின்றன. நிறத்தை மட்டும் நம்புதல் கூடாது. ஒரே இனத்தினுள்ளும் அது வேறுபடும். நெருங்கிய இனங்களைப் பிரித்தறிவதற்கு ஆண்பூச்சியின் இனப்பெருக்க உறுப்பின் அமைப்பே பெரும்பாலும் உறுதியான சான்றாக அமைகின்றது. வெண்மூட்டுப்பூச்சிகளைப் பொறுத்தவரையில், பெண்பூச்சியின் மெழுகை நீக்கிக் கண்ணாடித் தகட்டில் ஏற்றி, தோலிலுள்ள மெழுகுத் துளைகளை ஆராய்வர். அண்மைக்காலத்திற் பரம்பரைப் பொருளை ஒப்பிட்டுப் பார்க்கும் முறையும் துணைபுரிகின்றது.

மூன்றாவது, ஒப்பிடுதல். முன்னர் விவரிக்கப்பட்ட இனங்களின் மாதிரிகளோடும் நூல்களோடும் ஒப்பிட்டு, எதனோடும் பொருந்தாததெனத் தெளிந்த பின்னரே புதிய பெயர் இடப்படும். பெரும்பாலான மாதிரிகள் பழைய இனங்களாகவே முடிவதுமுண்டு.

நான்காவது, பெயரிட்டு வெளியிடுதல். விவரணம் அச்சிடப்பட்டு வெளியிடப்படும். எம்மாதிரியைக் கொண்டு அது எழுதப்பட்டதோ அம்மாதிரி, முதன்மாதிரி எனக் குறிக்கப்பட்டு, நூதனசாலையொன்றிற் பாதுகாக்கப்படும். காணியின் எல்லைபற்றிப் பிணக்கு எழும்போது மூல உறுதியை எடுத்துப் பார்ப்பது போல, ஓர் இனத்தைப் பற்றி ஐயம் எழும்போது பிற்கால அறிஞர் இம்முதன்மாதிரியை எடுத்துப் பார்ப்பர்.

பழைய பெயர்கள் திருத்தப்படுதல்

இட்ட பெயர் என்றும் ஐயத்துக்கு அப்பாற்பட்டதென எண்ணலாகாது. நெல் மூட்டுப்பூச்சியை எடுத்துக்கொள்வோம். ஒன்றையொன்று ஒத்த பல இனங்கள் லெப்ற்றோகொறிசா என்னும் சாதியில் உள்ளன. இவற்றின் பெயர்கள் பழைய நூல்களில் ஒன்றோடொன்று மயங்கிக் கிடந்தன. 1965இல் இம்தியாஸ் அகமது என்பவர் உலகின் பல பாகங்களிலிருந்து பெறப்பட்ட மாதிரிகளை ஆராய்ந்து இம்மயக்கத்தைத் தெளிவித்தார். நெல்லைத் தாக்கும் இரண்டு இனங்களுள், ஒறற்றோறியஸ் என்பதன் வயிற்றின் அடிப்பக்கத்து ஓரங்களிற் கபிலப் புள்ளிகள் உண்டு. அக்கியூற்றா என்பதற்கு அவை இல்லை. இவ்விரண்டும் பாற்பருவ மணியையே உறிஞ்சுவதால், இவ்வேறுபாட்டினாற் கமக்காரருடைய பரிகாரத்தில் மாற்றம் எதுவும் இல்லை.

எலோபெல்ற்றிஸ் விடயத்தில் நிலைமை வேறு. இதன் முதுகில் குண்டூசி நட்டாற்போல ஒரு சிறு முள் நிற்பதால் சாதியை எளிதிற் கண்டுகொள்ளலாம். ஆயின் இனத்தை அவ்வாறு அறிதல் இயலாது. அன்றோனி என்னும் இனம் 1858இல் சிஞொறே என்னும் பிரெஞ்சு அறிஞரால் விவரிக்கப்பட்டது. பின்னர் தென்கிழக்காசியாவிலும் இவ்வினம் உண்டெனப் பலர் எழுதினர். 1991இல் ஸ்ரோன்டால் என்பவர் மாதிரிகளை மீளாராய்ந்தபோது, அங்கு அப்பெயராற் குறிக்கப்பட்டவை வேறு இனங்களெனவும், அன்றோனி இந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரியதெனவும் தெரியவந்தது. ஓரிடத்திற் செய்த ஆராய்ச்சியின் முடிவை இன்னோரிடத்துப் பூச்சிக்குப் பொருத்துமுன், இரண்டும் ஒரே இனந்தானா எனப் பார்த்தல் வேண்டுமென்பது இதனாற் புலனாகின்றது.

கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றுவன

சில சமயங்களில் நுணுக்குக்காட்டியும் இனத்தைப் பிரித்தறியப் போதுமானதாக இருப்பதில்லை. அறக்கொட்டி என்னும் கபிலத் தத்தியை 1854இல் ஸ்ரோல் என்பவர் விவரித்தார். நெல்லில் வாழும் இத்தத்தியைப் போன்றவை, நீர்வாய்க்கால்களின் ஓரத்தில் வளரும் லீர்சியா என்னும் புல்லிலும் பிலிப்பைன்ஸ் நாட்டிற் காணப்பட்டன. உருவத்தால் இரண்டும் ஒன்றே. ஆயின் புல்லில் வாழ்பவை நெல்லில் விடப்பட்டபோது நன்கு வளரவில்லை. நெல்லில் வாழ்பவை புல்லில் விடப்பட்டபோதும் அவ்வாறே ஆயிற்று.

தத்திகள் துணையை அழைப்பது குரலாலன்று. வயிற்றை அதிரச்செய்து, அவ்வதிர்வைத் தண்டின் வழியாகச் செலுத்துகின்றன. அதே பயிரில் இருக்கும் துணை காலால் அதனை உணர்கின்றது. பிரித்தானிய அறிஞரான கிளாரிட்ஜும் அவருடன் ஆராய்ந்தோரும் இவ்வதிர்வுகளைப் பதிவுசெய்து ஒப்பிட்டபோது, நெல்லிலுள்ள தத்தியின் அழைப்பும் புல்லிலுள்ள தத்தியின் அழைப்பும் வேறுபடுவதைக் கண்டனர். ஒன்றாக விடப்பட்டபோது அவை பெரும்பாலுந் தத்தம் கூட்டத்தையே நாடின. ஆகவே, இவை வெவ்வேறு இனங்களாகக் கொள்ளத்தக்கன என 1985இல் அவர்கள் எடுத்துரைத்தனர். புற்பற்றையிற் காணப்படும் கபிலத் தத்தியெல்லாம் நெல்லுக்கு வரப்போகும் தத்தியென எண்ணி, அங்கு நஞ்சைத் தெளிப்பது வீண் செலவாக முடியலாம்.

தவறான இனத்தாற் கழிந்த ஆண்டுகள்

இனத்தைத் தவறாகக் கொள்வதனால் எவ்வளவு காலம் வீணாகும் என்பதை ஆபிரிக்காவின் மரவள்ளிச் செய்கை காட்டுகின்றது. 1970களின் தொடக்கத்தில் கொங்கோப் பிரதேசத்தில் மரவள்ளியின் நுனிக் குருத்துக்கள் சுருண்டு குறுகின. காரணம், அங்கு முன்னர் அறியப்படாத ஒரு வெண்மூட்டுப்பூச்சி. அது நாடு நாடாகப் பரவிற்று. மரவள்ளியே பிரதான உணவாகவுள்ள மக்களுக்கு அது பஞ்சத்தின் அறிகுறியாயிற்று. 1977இல் மற்றில்-பெறேறோ என்னும் பிரெஞ்சுப் பூச்சியியலாளர் அதனைப் புதிய இனமென விவரித்து, பீனாகொக்கஸ் மனிகொற்றி எனப் பெயரிட்டார்.

மரவள்ளி தென்னமெரிக்காவுக்குரிய பயிர். எனவே அப்பூச்சியும் அதன் இயற்கை எதிரிகளும் அங்கேயே இருத்தல் வேண்டுமென அறிஞர் துணிந்தனர். தென்னமெரிக்காவின் வடபகுதியில் மரவள்ளியில் ஒரு வெண்மூட்டுப்பூச்சி காணப்பட்டது. தேடியது கிடைத்துவிட்டதென எண்ணினர். ஆயின் அதன் ஒட்டுண்ணிகளோ ஆபிரிக்கப் பூச்சியிற் பெருகவில்லை. மாதிரிகளை நுணுகி ஆராய்ந்தபோது உண்மை வெளிப்பட்டது. ஆபிரிக்காவில் உள்ளது ஆணின்றிப் பெண்ணே பெண்ணைப் பெறும் இனம்; அமெரிக்காவின் வடபகுதியிற் கிடைத்ததற்கோ ஆணும் உண்டு. அது வேறோர் இனமெனத் தெளிந்து, 1981இல் பீனாகொக்கஸ் எறெனி என அதற்குப் பெயரிடப்பட்டது.

அதன்பின் தேடல் தெற்கே திரும்பிற்று. அவ்வாண்டிலேயே பரகுவே நாட்டில் உண்மையான மனிகொற்றி அகப்பட்டது. அதனுடன், அதன் உடலினுள் முட்டையிட்டு அதனை அழிக்கும் அனகைறஸ் லோப்பெசி என்னும் மிகச்சிறிய குளவியும் கிடைத்தது. வேறு தீங்கு செய்யுமோவென இங்கிலாந்திற் சோதிக்கப்பட்ட பின்னர், அக்குளவி 1981இன் இறுதியில் நைஜீரியாவில் விடப்பட்டது. பின்னர் ஆபிரிக்காவின் 20க்கு மேற்பட்ட நாடுகளில் அது நிலைபெற்று, பீடையைக் கட்டுப்படுத்திற்று. இப்பணியை முன்னின்று நடத்திய கான்ஸ் எறென் 1995இல் உலக உணவுப் பரிசைப் பெற்றார். 2008இல் இதே பீடை தாய்லாந்திற் காணப்பட்டபோது, இனம் ஏற்கெனவே தெரிந்திருந்தமையால் மறு ஆண்டிலேயே அக்குளவியை அந்நாடு வரவழைத்துக்கொண்டது.

இலங்கையிற் கண்ட பயன்

இத்தகைய நன்மையை இலங்கையும் பெற்றுள்ளது. 2008இல் மேல் மாகாணத்திற் பப்பாசி மரங்களில் வெண்ணிறப் பஞ்சு படிந்தாற்போன்ற பீடையொன்று தோன்றிற்று. இலைகள் சுருண்டு மஞ்சளாகின, காய்கள் வெண்மெழுகால் மூடப்பட்டன, மரங்கள் பட்டுப்போயின. மரவள்ளி, கத்தரி, செவ்வரத்தை முதலியவற்றிலும் அது காணப்பட்டது. நாட்டில் ஏற்கெனவே பல வெண்மூட்டுப்பூச்சிகள் உள்ளமையால், இதனையும் அவற்றுள் ஒன்றென எண்ணிவிடுதல் எளிதாகும்.

ஆயின் மாதிரிகளைச் சோதித்தபோது, அது பராகொக்கஸ் மாஜினேற்றஸ் எனத் தெரியவந்தது. மத்திய அமெரிக்கப் பிரதேசத்துக்குரிய இப்பூச்சியை 1992இல் வில்லியம்ஸ், கிறனாரா டி வில்லிங் ஆகிய இருவரும் விவரித்திருந்தனர். இதனை ஐயுறுவதற்கு ஓர் எளிய அடையாளமும் உண்டு. மதுசாரத்தில் இட்டவுடன் சிறிது நேரத்தில் இதன் மஞ்சள் நிறவுடல் நீலங்கலந்த கருநிறமாக மாறும்.

பெயர் தெரிந்தது, பெயருடன் பரிகாரமும் தெரிந்தது. இவ்வினத்தை மட்டும் அழிக்கும் ஏசிறோபேகஸ் பப்பாயே என்னும் ஒட்டுண்ணிக் குளவி முன்னரே வேறு நாடுகளிற் பயன்படுத்தப்பட்டிருந்தது. 2009இல் அது புவேற்றோ றிக்கோவிலிருந்து வரவழைக்கப்பட்டு, இலங்கையில் விடப்பட்டது, பீடை தணிந்தது. 1992இல் எவரோ இருவர் நுணுக்குக்காட்டியின் முன் அமர்ந்து மெழுகுத் துளைகளை எண்ணி எழுதி வைத்த விவரணம், பதினாறு ஆண்டுகளின் பின் இந்நாட்டுப் பப்பாசித் தோட்டங்களுக்கு உதவியாயிற்று.

வயலிற் பிரித்தறியும் முறை

சிற்றோரைனஸையும் பச்சைத் தத்தியையும் பின்வரும் அடையாளங்களாற் கமக்காரர் தாமே பிரித்தறியலாம்.

பச்சைத் தத்தி தன் சிறகுகளைக் கூரைபோலச் சரித்து வைத்திருக்கும். அதன் உணர்கொம்பு மயிர்போன்று மிகச் சிறிது. தொட்டாற் பக்கவாட்டில் நகர்ந்து தத்தும். சிற்றோரைனஸின் சிறகுகள் முதுகின்மேல் ஒன்றன்மேலொன்றாகத் தட்டையாகப் படிந்திருக்கும். அதன் உணர்கொம்பு நீண்டு தெளிவாகத் தெரியும். தொட்டால் அது விரைந்து ஓடும் அல்லது பறக்கும். கபிலத் தத்தி பெருகிய பயிரில் இக்காவலரும் மிகுந்திருப்பின், மருந்து தெளிக்க விரைதல் கூடாது.

இந்தோனேசியாவில் பூச்சிநாசினி மிகுதியாகத் தெளிக்கப்பட்ட வயல்களிற் கபிலத் தத்தி பெருகியமையை உணர்ந்த அந்நாட்டு அரசாங்கம், 1986இல் 57 வகைப் பூச்சிநாசினிகளை நெல்லுக்குப் பயன்படுத்துவதைத் தடைசெய்தது என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது.

கமக்காரர் செய்யவேண்டியவை

புதிய இனமொன்றை அல்லது புதிதாக நாட்டினுட் புகுந்த பீடையொன்றை முதலிற் காண்பவர் பெரும்பாலும் கமக்காரரே. முன் கண்டிராத பூச்சியொன்று பயிரிற் காணப்படின்:

1. மருந்து தெளிப்பதற்கு முன்னரே மாதிரியை எடுத்தல் வேண்டும். தெளித்த பின் எடுப்பின், எவை உயிருடன் எந்நிலையில் இருந்தன என்பதை அறிதல் அரிதாகும்.

2. ஒன்றிரண்டோடு நில்லாது, பெரியவையுஞ் சிறியவையுமாக இருபது பூச்சிகள் வரையிற் சேர்த்தல் நன்று. இனத்தை உறுதிப்படுத்த ஆண், பெண் இரண்டும் தேவைப்படலாம்.

3. தத்திகளையும் வெண்மூட்டுப்பூச்சிகளையும் மதுசாரம் ஊற்றிய சிறு போத்தலில் இடுதல் வேண்டும். வெண்மூட்டுப்பூச்சிகளை இலைத்துண்டுடன் இடலாம். நெல் மூட்டுப்பூச்சி போன்ற பெரியவற்றைக் கொன்று உலர்த்தி, பஞ்சு வைத்த தீப்பெட்டியில் வைக்கலாம்.

4. ஊர், திகதி, பயிர், பயிரின் பருவம், பூச்சி இருந்த பாகம் ஆகியவற்றை ஒரு சிறு காகிதத்திற் பென்சிலால் எழுதிப் போத்தலினுள்ளேயே இடுதல் வேண்டும். மை மதுசாரத்திற் கரைந்துவிடும்.

5. உயிருள்ள பூச்சியையோ அது படிந்த தடியையோ நாற்றையோ வேறிடத்துக்குக் கொண்டுசெல்லுதல் கூடாது. வெண்மூட்டுப்பூச்சிகள் இவ்வாறே ஊருக்கு ஊர் பரவுகின்றன. நாட்டுக்கு வெளியிலிருந்து அனுமதியின்றிச் செடியோ தடியோ கொண்டுவருதலும் பெருந்தீங்கு விளைக்கும்.

6. மாதிரியைத் தாமதமின்றிப் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் ஒப்படைத்தல் வேண்டும். அவர் அதனைப் பூச்சியியலாளரிடம் சேர்ப்பிப்பார்.

இவற்றைச் செய்வதற்கு அரை நாட்பொழுது போதும். அனுப்பப்படும் பூச்சிகளிற் பல, முன்னரே அறியப்பட்டனவாக இருக்கும். அதனாற் கமக்காரர் மனஞ்சோர வேண்டியதில்லை. அறிந்த பூச்சியாயின் அறிந்த பரிகாரம் உடனே கிடைக்கும். அறியாத பூச்சியாயின், அது ஒரு வயலில் இருக்கும்போதே கண்டுகொள்வதற்கும், ஒரு மாகாணம் முழுவதும் பரவிய பின் கண்டுகொள்வதற்கும் உள்ள வேறுபாடு பல போகங்களின் விளைச்சலாகும்.